பாறையின் நெருக்கமும் நீரின் வழியும்

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தின் தலைநகரான டென்வருக்கு வடகிழக்கே, ராணுவத்தாருக்குச் சொந்தமான ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற பெரிய தொழிற்சாலை வளாகம் இருந்தது. இரசாயன ஆயுதங்கள் உற்பத்தியான அவ்விடத்தின் நச்சுக் கழிவு நீரை முதலில் திறந்த குட்டைகளில் தேக்கி வந்தார்கள். அது மண்ணில் ஊறி, அண்டையிலிருந்த விவசாயிகளின் கிணற்று நீரைக் கெடுத்துப் பயிரையும் பாழாக்கவே, மனிதர் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஆழத்தில் அதைத் தள்ளிவிடுவதே உத்தமம் என்று தீர்மானித்து, 1961ஆம் ஆண்டில் 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளைக் கிணறு இறக்கினார்கள். 1962 மார்ச் மாதம் முதல், அடியிலிருந்த மிகத் தொன்மையான படிகப் பாறைக்குள் அந்நீரைப் பம்புகளால் செலுத்தலானார்கள். அதற்கு அடுத்த மாதமே டென்வர்ப் பிரதேசத்தில் நில அதிர்ச்சிகள் தோன்றின.

பல பத்தாண்டுகளாக நிலநடுக்கம் என்பதையே அறியாதிருந்த நகரம் அது. காரணம் தெரியாமல் ஜனங்கள் கலங்கியிருக்கையில், டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலார், மாதந்தோறும் கிணற்றில் செலுத்தப்பட்ட நீரின் அளவையும் மாதந்தோறும் பதிவான அதிர்ச்சிகளின் எண்ணிக்கையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன என்று 1965 நவம்பரில் பகிரங்கமாக எடுத்துரைத்தார். 1963 செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பம்புகள் ஓய்ந்திருந்தபோது அதிர்ச்சிகளும் குறைந்திருந்தன. மறுபடியும் நீர் செலுத்தப்பட்டதும் அவையும் பெருகின. 1966 பிப்ரவரியில் கிணறு நிறுத்தப்பட்டது. ஆயினும் தொல்லை அத்துடன் தீர்ந்தபாடில்லை. நிறுத்தி ஓராண்டுக்கு மேல் சென்றபின், 1967 ஆகஸ்டில், அதுவரை கண்டவற்றுள் பெரியதான, ஏறக்குறைய 5 அளவுள்ள நிலநடுக்கம் அப்பகுதியைக் குலுக்கியது.

இந்தச் சம்பவத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மலையளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறையை, அதன் கனத்தோடு ஒப்பிட்டால் அற்பமான நீர் அசைத்தது எவ்வாறு? நீரை நிறுத்திய பின்னரும் அசைவு நிற்காததற்குக் காரணம் என்ன? இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், நம் காலடியில் ஜடமாகக் கிடப்பதாக நாம் எண்ணியிருக்கும் பாறை எத்தகைய நெருக்கடியில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும், மேலிருக்கும் பாறையின் எடையால் ஏறத்தாழ 250 வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அது 750 ஆகிவிடும். மேலிருந்து வரும் இந்த பாரம் மட்டுமல்ல; கண்டங்களைச் சுமந்து நகரும் பூமித்தட்டுகள் ஒன்றையொன்று உந்துவதால் பக்கவாட்டிலும் பாறை நெருக்கப்படுகிறது. இந்தியத் தட்டு ஆசியாவின்மீது மோதி இமயத்தை எழுப்பிக்கொண்டிருக்கும் விசை, இமயத்துக்கு வெகு தொலைவில் தெற்கே உள்ள தக்காணத்துப் பாறைக்குள்ளும் உணரப்படுகிறது. பாறையின் உட்பரப்புகளில் இவ்வாறு செயற்படும் விசையைத்தான் நம் பாடப் புத்தகங்கள் தகைவு என்ற சொல்லால் குறிக்கின்றன.

எல்லாத் திசைகளிலும் தகைவு சமமாக இருக்குமானால், அது எத்தனை ஆயிரம் அழுத்தமாயினும் பாறை நகருவதற்கு ஏதுவில்லை. திசைக்குத் திசை அது வேறுபடுவதே சகல சலனத்துக்கும் மூலகாரணம். ஸ்காட்லாந்து தேசத்து நிலவியலாரான ஆண்டர்சன் 1905ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவுபடுத்தினார். மேலிருந்து வரும் தகைவு மிகுந்த இடத்தில் பாறைத் தொகுதிகள் சரிந்து இறங்கும். பக்கவாட்டுத் தகைவு மிகுந்து மேல்தகைவு குறைந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மேல்தகைவு இடைப்பட்டதாக இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவும். இவ்வாறு பாறைகள் இடம் பெயர்ந்த பிளவைப் பிறழ்வு என்றும், பெயர்ச்சியின்றி வெறுமனே வெடித்து நிற்பதை விரிசல் என்றும் சொல்வது வழக்கம்.

சாய்ந்து கிடக்கும் ஒரு பிறழ்வின்மீது தகைவு இருவிதமாக வேலை செய்கிறது. அதன் ஒரு கூறு இரு பக்கங்களையும் சேர்த்து அழுத்தி இறுக்குகிறது. மற்றொரு கூறு அவற்றை எதிரெதிராக நழுவச் செய்ய முயல்கிறது. நழுவாமல் தடுப்பது உராய்வு. இறுக்கம் எவ்வளவோ அதற்குத் தக்க விகிதத்தில் உராய்வும் இருக்கும் என்பது, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியியலாளரான கூலம் வகுத்த விதி. பெரும்பாலான பாறைகளுக்கு அந்த விகிதம் 0.6 முதல் 0.85 வரை என்று பையர்லி என்பவர் 1978இல் பரிசோதனைகளால் நிலைநாட்டினார்.

இனி நீரின் பங்கைப் பார்ப்போம். ஆழத்துப் பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீர் தன் அழுத்தத்தால் பிளவின் இரு பக்கங்களையும் அகற்றப் பார்க்கிறது. ஆகவே இறுக்கும் தகைவில் நீரின் அழுத்தத்தைக் கழித்தது போக எஞ்சியிருப்பதுதான் உண்மையான இறுக்கம். ஆனால், நழுவச் செய்யும் கூற்றை நீர் சிறிதும் குறைப்பதில்லை, ஏனெனில் திரவத்துக்குப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் சக்தி கிடையாது. களிமண்ணையும் மணலையும் ஆராய்ந்த கார்ல் டெர்ஸாகி 1920களில் கண்ட இந்த உண்மையை, 1959இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் மலைத்தொடர்களுக்கே பிரயோகித்தார்கள். பல கிலோமீட்டர் நீளமுள்ள பாறைப் பாளங்கள் உடைந்து நொறுங்காமல் எப்படி அவ்வளவு தூரம் நகர்ந்தன என்ற நெடுநாளைய சந்தேகத்துக்கு அவர்கள் கண்ட சமாதானம் இதுவே. அதை விளக்க அவர்கள் செய்து காட்டிய சோதனை மிக எளியது. ஒரு பக்கம் திறந்த காலி பீர் டப்பாவைக் குளிரவைத்து, ஈரமான கண்ணாடிப் பலகையின்மீது கவிழ்த்து, பலகையை ஒரு பாகை அளவே சாய்த்து வைத்தார்கள். டப்பா முதலில் அசையவில்லை. உள்ளே அடைபட்ட குளிர்ந்த காற்று மெல்லச் சூடேறி விரிந்து அதன் பாரத்தைத் தானே தாங்கத் தொடங்கியதும், அந்தச் சொற்பச் சாய்விலேயே டப்பா வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பிறழ்வை இறுக்கும் தகைவு 550 வாயுமண்டல அழுத்தம் என்றும், அங்குள்ள நீரின் அழுத்தம் 300 என்றும் கொள்வோம். எஞ்சிய இறுக்கம் 250. உராய்வு விகிதம் 0.6 எனில் பிறழ்வு தாங்கக்கூடிய நழுவு விசை 150. உண்மையில் அதன்மீது செயற்படும் நழுவு விசை 145ஆக இருந்தால் பிறழ்வு அசையாது. இப்பொழுது நீரின் அழுத்தத்தை 10 மட்டும் கூட்டினால், எஞ்சிய இறுக்கம் 240ஆகிறது, தாங்கும் திறன் 144ஆக இறங்குகிறது, பிறழ்வு நழுவிவிடுகிறது. கூட்டப்பட்ட 10 என்பது நூறு மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தந்தான். பாறையை நகர்த்திய பெரும் சக்தி நீரால் கொண்டுவரப்பட்டதன்று. யுகக்கணக்காகப் பாறைக்குள் சேர்ந்து, உராய்வினால் மட்டும் தடுக்கப்பட்டிருந்த சக்தியை அது விடுவித்தது, அவ்வளவே. டென்வரில் எழுந்த முதற் கேள்விக்கு இதுவே விடை.

இந்தக் கொள்கை மெய்யானதா என்பதைச் சோதிக்கும் வாய்ப்பு அதே கொலராடோ மாகாணத்தின் ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயலில் கிட்டியது. எண்ணெயை வெளியேற்றுவதற்காக 1957 முதல் அங்கே நீர் செலுத்தப்பட்டு வந்தது. சிறு அதிர்ச்சிகளும் பதிவாகி வந்தன. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் 1969இல் அங்கே கருவிகளை நிறுவினார்கள். முதலில் பாறையின் தகைவை அளந்தார்கள். அதை அளக்கும் முறையே அலாதியானது: துளைக் கிணற்றின் ஒரு சிறு பகுதியை மேலும் கீழும் அடைத்து, இடையில் நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தினால், ஒரு கட்டத்தில் பாறை வெடிக்கிறது, அந்த வெடிப்பு, எத்திசையில் தகைவு மிகக் குறைவோ அத்திசைக்குக் குறுக்காகவே திறக்கிறது, அதைத் திறந்த நிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் அழுத்தமே அந்த மிகக் குறைந்த தகைவின் அளவு. இந்த அளவையும், ஆய்வுக்கூடத்தில் அளந்த உராய்வையும் கொண்டு, நீரின் அழுத்தம் ஏறத்தாழ 257 பார் என்ற எல்லையைத் தாண்டும்போது பிறழ்வு நழுவும் என்று கணித்தார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வாயுமண்டல அழுத்தம். பின்னர் நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தபோது, கிணறுகளின் அருகே அதிர்ச்சிகள் அநேகமாக அடங்கின. எல்லைக்கு மேலே ஏற்றியபோது பெருகின. 1973இல் மறுபடி குறைத்தபோது மறுபடியும் அடங்கின. நிலநடுக்கத்தை ஊழ்வினை என்றோ தெய்வ கோபம் என்றோ எண்ணியிருந்த மனித குலத்தால், ஓர் எண்ணெய் வயலின் அளவிலாவது அதைத் தன் விருப்பப்படி எழுப்பவும் அடக்கவும் முடிந்தது, விஞ்ஞான சரித்திரத்தில் ஓர் அரிய நிகழ்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

இதுவரை நீர் பாறையை அசைப்பதைப் பார்த்தோம். பாறையின் தகைவோ நீருக்கு வழிவிடுவதும் உண்டு. வழியை அடைப்பதும் உண்டு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கெட்டிப் பாறைப் பிரதேசம். அந்தப் பாறையின் உடலில் நீர் தங்குவதற்குத் துளைகள் இல்லை. மேலே சிதைந்த பகுதியிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும் மாத்திரமே நீர் உண்டு. சேலத்திலோ கோயம்புத்தூரிலோ ரிக் வண்டி போர் போடுவதைப் பார்த்தவர்கள் இதைக் கண்கூடாக அறிவார்கள்: நூற்றுக்கணக்கான அடிகளுக்கு வெள்ளைக் கல் மாவு மட்டுமே புகையாகப் பறந்துகொண்டிருக்கும், துளை ஒரு விரிசலைத் தொட்டதும் மாவு ஈரப்பட்டுச் சேறாகி, பின் நீர் பீச்சியடிக்கும். ஆழம் செல்லச் செல்லப் பாறையின் பாரம் விரிசல்களை இறுக்கி மூடுவதால், ஆயிரம் அடி இறக்கியும் வறண்டுபோகும் கிணறுகள் பல.

விரிசலின் வழியே செல்லும் நீரின் அளவு, அதன் வாயகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வாய் இரண்டு பங்கு அகன்றால் நீர் எட்டுப் பங்கு ஓடும். பாதியாகச் சுருங்கினால் எட்டில் ஒரு பங்கே ஓடும். ஆகையால் தகைவில் ஏற்படும் சிறு மாறுதலும் நீரோட்டத்தில் பெரும் மாறுதலாக வெளிப்படுகிறது. அங்ஙனமாயின் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான வாயுமண்டல அழுத்தத்தால் நெருக்கப்பட்ட பாறையில் எல்லா விரிசல்களும் மூடியல்லவா கிடக்க வேண்டும்? ஆனால், அங்கும் சில விரிசல்களில் நீர் ஓடுகிறது.

எந்த விரிசல்களில் ஓடுகிறது என்பதை பார்ட்டன், ஸோபாக், மூஸ் என்ற மூவரும் 1995இல் ஆராய்ந்து கூறினார்கள். கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிறழ்வுக்கு அருகே கஹோன் கணவாயில் தோண்டிய கிணறு உட்பட மூன்று இடங்களின் ஆழ்துளைக் கிணறுகளில், ஒலியலைகளால் சுவரைப் படம் பிடித்து விரிசல்களின் சாய்வையும் திசையையும் குறித்தார்கள்; வெப்பத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, எங்கெங்கே நீர் உட்புகுகிறது என்பதையும் கண்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரு நியதி வெளிப்பட்டது. தகைவுத் திசைகளைப் பொறுத்து எந்த விரிசல்கள் நழுவுவதற்குத் தயாரான சாய்வில் இருக்கின்றனவோ அவற்றிலேயே நீர் ஓடுகிறது. அந்தச் சாய்வில் அமையாதவை பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. விரிசலின் இரு முகங்களும் மேடும் பள்ளமுமானவை. அவை சிறிது நழுவிவிட்டால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தாமல் போய், மேட்டின்மீது மேடு நின்று, இடைவெளி திறந்தே இருக்கிறது. நழுவாதவற்றிலோ, நீரில் கரைந்து வந்த கால்சைட்டும் குவார்ட்ஸும் நாளடைவில் படிந்து வாயை அடைத்துவிடுகின்றன.

பல விரிசல்கள் நழுவும் தறுவாயில் இருக்கின்றன என்றால், பாறை மொத்தமுமே தன் வலிமையின் எல்லையில் நிற்கிறது என்றல்லவா ஆகிறது? ஆம், ஜெர்மனியின் பவேரியாவில் 9,101 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி 1994இல் முடிக்கப்பட்ட ஆராய்ச்சிக் கிணறு இதை மெய்ப்பித்தது. அதன் அடியில் ஏறத்தாழ 200 கன மீட்டர் உப்பு நீரையே செலுத்தினார்கள். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் ஆழத்தில் நூற்றுக்கணக்கான நுண்ணதிர்ச்சிகள் எழுந்தன. நிலநடுக்கத்துக்குப் பேர்பெற்ற இடமன்று அது. பூமியின் மேலோடு பெரும்பாலும் இவ்வாறு எல்லை நிலையிலேயே இருக்கிறது என்பதுதான் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நாம் கற்ற பெரும் பாடம்.

பாறையின் பிளவுகள் இவ்வாறு அடைபடுவதும் திறப்பதும் மாறிமாறி நிகழ்ந்ததன் பலனாகவே பொன்னும் விளைந்தது. பிறழ்வின் வாய் படிவுகளால் அடைபட, அடியிலிருந்து வரும் சூடான திரவத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் பிறழ்வு நழுவித் திறந்துகொள்கிறது. திரவம் பாய்ந்து, அழுத்தம் சட்டென்று இறங்கி, கரைந்திருந்த குவார்ட்ஸும் பொன்னும் படிகின்றன. வாய் மீண்டும் அடைபடுகிறது. நியூசிலாந்து அறிஞர் ரிச்சர்ட் சிப்சன் விளக்கிய இம்முறையில், ஒரு பொன் நரம்பு என்பது எண்ணற்ற பழம் நிலநடுக்கங்களின் சேமிப்பு. கோலார் தங்கவயலின் குவார்ட்ஸ் நரம்புகளும் தொன்மையான பாறைப் பெயர்ச்சி மண்டலங்களின் வழியே ஏறிவந்த திரவங்கள் விட்டுச்சென்றவையே. 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானவை. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. பாறையை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றித் தகைவு குவிந்து, சுரங்கச் சுவர்கள் பேரொலியுடன் வெடித்து ஆட்களைப் பலிகொண்ட சம்பவங்களை அவர்கள் நன்கறிவார்கள். ஆழத்துத் தகைவு புத்தகச் செய்தியன்று என்பதற்கு அந்த உயிர்களே சாட்சி.

மனிதன் பம்பு வைத்துச் செலுத்தினால்தான் நீர் பாறைக்குள் இறங்கும் என்பதில்லை. மகாராஷ்டிரத்தில் கிருஷ்ணையின் உபநதியான கொய்னாவின் குறுக்கே 103 மீட்டர் உயரமுள்ள அணை எழுந்து, 1960களின் தொடக்கத்தில் நீர் தேங்கத் தொடங்கியதும், அமைதியானதென்று கருதப்பட்ட அப்பிரதேசத்தில் அதிர்ச்சிகள் தோன்றின. 1967 டிசம்பர் 11ஆம் தேதி விடியற்காலை 4.21 மணிக்கு 6.3 அளவுள்ள நிலநடுக்கம் கொய்னாநகரைத் தாக்கியது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். அணையின் சுவரிலேயே விரிசல்கள் கண்டன. அதைப் பின்னர் வலுப்படுத்த வேண்டியதாயிற்று. அங்கே நீர்த்தேக்கத்தால் கூடிய அழுத்தம் அதிகம் போனால் பத்து வாயுமண்டலம்; ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் பாரமோ ஆயிரத்து இருநூறுக்கும் மேல். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தக் கூடுதலே போதுமானதாயிற்று. டென்வரில் எழுந்த இரண்டாவது கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது: நீரின் அழுத்தம் விரிசல்களின் வழியே மெல்ல மெல்லவே பரவுகிறது, மேலே நீர் நிரம்பியோ பம்பு நின்றோ மாதங்கள், வருஷங்கள் ஆனபின்னும், அது புதிய பிறழ்வுகளைத் தேடிச் சென்றுகொண்டே இருக்கிறது. கொய்னாவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு 30 கிலோமீட்டர் பரப்பினுள் இன்றளவும் அதிர்ச்சிகள் தொடர்கின்றன; 5 அளவும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் இருபதுக்கு அதிகம். ஹர்ஷ் குப்தா முதலான நம் நாட்டு விஞ்ஞானிகள், நீர்மட்டம் ஏறும் வேகமும், முந்தைய உச்சத்தை அது தாண்டுவதும், உயர்ந்த மட்டம் நீடிக்கும் காலமும் இதில் முக்கியமானவை என்று காட்டியிருக்கிறார்கள். மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்த கராடு ஆய்வகத்தார், எரிமலைக் குழம்புப் பாறையை ஊடுருவி அடியிலுள்ள கிரானைட் பாறைக்குள் மூன்று கிலோமீட்டர் வரை துளையிட்டு, நிலநடுக்கத்தை அது பிறக்கும் பாறையின் அருகிலேயே சென்று ஆராய முற்பட்டிருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்க காரியம்.

இத்தனையும் தெரிந்த பின்னரும் இடறல்கள் நேர்ந்தன. 1356இல் நிலநடுக்கத்தால் அழிந்த நகரம் ஸ்விட்ஸர்லாந்தின் பாசல். அங்கே பூமியின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க, 2006 டிசம்பரில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துப் பாறையில் நீரைச் செலுத்தியதும் 3.4 அளவுள்ள அதிர்ச்சி உண்டாகி, அத்திட்டமே கைவிடப்பட்டது. தென் கொரியாவின் போஹாங்கில் அதே நோக்கத்துடன் நீர் செலுத்தியதன் தொடர்ச்சியாக 2017 நவம்பரில் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. அரசாங்கம் அமைத்த குழு 2019இல் அந்தத் தொடர்பை உறுதிசெய்தது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், எண்ணெய்க் கிணறுகளின் கழிவு நீரை ஆழத்தில் செலுத்தியதால், ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இருந்த 3 அளவுக்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் 2015இல் ஏறத்தாழ 900 ஆயின. செலுத்தும் அளவை அதிகாரிகள் குறைக்கச் செய்தபின் அவை தணிந்தன. ரேஞ்ச்லி கற்பித்த பாடமே பெரிய அளவில் மறுபடி மெய்யாயிற்று.

வருங்காலத்தில் பூமிக்குள் செலுத்த வேண்டிய தேவை கூடுமேயன்றிக் குறையாது. வானைச் சூடேற்றும் கரியமில வாயுவை ஆழத்துப் பாறையில் அடைத்து வைக்கவும், பூமியின் வெப்பத்தை மின்சாரமாக்கவும் பல நாடுகள் முனைந்திருக்கின்றன. அவை நல்ல காரியங்களே. அச்சத்தால் அவற்றை விலக்குவது விவேகமாகாது. ஆனால், ஆழத்துப் பாறையை வெறும் பாத்திரமாகக் கருதி, எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் கணக்கிடுகிறவர்கள் பாதிக் கணக்கையே போடுகிறார்கள். அங்கே தகைவு எத்திசையில் எவ்வளவு, எந்தப் பிறழ்வுகள் நழுவும் சாய்வில் கிடக்கின்றன, இன்னும் எத்தனை வாயுமண்டல அழுத்தம் கூடினால் அவை விடுபடும் என்ற மீதிப் பாதியையும் முதலிலேயே அளந்தறிய வேண்டும். வேலை நடக்கும்போது நுண்ணதிர்ச்சிகளை இடைவிடாது கவனிக்க வேண்டும். அந்தக் கணக்குகளை அவ்விடத்து மக்கள் பார்வைக்கு ஒளிக்காமல் வைக்க வேண்டும். எவன்ஸ் வரைந்த வரைபடத்துக்கு ஆதாரமாக இருந்தவை இரண்டே இரண்டு எண் வரிசைகள்: எவ்வளவு நீர் போயிற்று, எத்தனை முறை நிலம் அதிர்ந்தது. அவ்விரண்டையும் முதல் மாதத்திலிருந்தே அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், டென்வரில் நான்கு ஆண்டுகள் வீணாகியிரா. அளப்பதற்குரிய அறிவும் கருவியும் இன்று நம்மிடம் இருக்கின்றன. செலுத்துவதற்கு முன் அளப்பதைச் சட்டமாக்குவதொன்றே அரசுகள் இனிச் செய்ய வேண்டியது.